ஹவாய்க்குப் போன கொரிய மணப்பெண்ணை வரலாற்று நாவலில் எழுதுவது எப்படி

புலம்பெயர்ந்த பெண்ணின் அடையாளத் தேடலை எழுத உட்காருகிறவர்கள் பலரும் முதல் அத்தியாயத்திலேயே அவளைக் கடலைப் பார்க்க நிறுத்திவிடுகிறார்கள். "நான் யார்?" என்று அவள் யோசிக்கத் தொடங்குகிறாள், கதை அங்கேயே நங்கூரம் போட்டுவிடுகிறது. 1910 முதல் 1924 வரை, புகைப்படத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் நிச்சயமாகி ஹவாய்க்குக் கப்பலேறிய கொரியப் பெண்களுக்கு இந்தக் கேள்வி மனசுக்குள் எழ நேரமே கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் எழுதுகிறவர், துறைமுக அதிகாரி, தோட்டத்துக் கணக்கர், பாதிரியார் என்று ஒவ்வொருவரும் அதைக் கேட்டு, ஆளுக்கொரு பதிலை எழுதிவைத்துக்கொண்டார்கள். நாவலை அந்தப் பதில்களிலிருந்து கட்டுங்கள். எந்தப் பெயரில், எந்த வயதில், எந்த நாட்டுக்காரியாக அவளை எழுதினார்கள் என்பது உங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிட்டால், அவள் தேடலுக்கு நீங்கள் வசனம் எழுத வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.

கொரியர்கள் இந்த மணப்பெண்களை 'சாஜின் சின்பு' என்பார்கள். சாஜின் புகைப்படம், சின்பு மணப்பெண்.

வந்திறங்கும் ஆண்டு

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான், ஏனென்றால் ஆண்டு மாறினால் கையிலிருக்கும் காகிதம் மாறும். கொரியக் குடியேறிகளின் முதல் கூட்டம் 'கேலிக்' என்ற கப்பலில் 1903 ஜனவரி 13 அன்று ஹொனலூலுவில் இறங்கியது. அவர்கள் வந்தது கொரியப் பேரரசின் குடிமக்களாக. 1905க்குள் ஏறத்தாழ 7,000 பேர் வந்தார்கள், பெரும்பாலோர் தனி ஆண்கள். அந்த ஆண்டே குடியேற்றம் நிறுத்தப்பட்டது. நவம்பரில் கொரியா ஜப்பானின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட 'பாதுகாப்பு நாடு' ஆக்கப்பட்டு, 1910 ஆகஸ்ட் 29 அன்று முழுதாக விழுங்கப்பட்டது. அதன் பிறகு வந்த மணப்பெண்கள் சட்டப்படி ஜப்பானியப் பிரஜைகள். 1924இன் குடியேற்றச் சட்டம் அந்த வழியையும் அடைத்தது.

இதிலிருந்து ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். கணவன் வந்த காகிதத்தைக் கொடுத்த நாடு இப்போது வரைபடத்தில் இல்லை. மனைவியின் காகிதத்தைக் கொடுத்தது அந்த நாட்டை விழுங்கிய நாடு. இவர்களுக்கு ஹவாயில் பிறக்கும் பிள்ளை பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன். பெற்றோர் இருவருக்கும் 1952 வரை அமெரிக்கக் குடியுரிமை கேட்கும் உரிமையே கிடையாது. ஒரே சாப்பாட்டுப் பாயில் மூன்று நாடுகள் உட்கார்ந்திருக்கின்றன. இதற்குமேல் முரண்பாட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கொரியப் போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்களை மணந்து போனவர்களின் கதையும், 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் குடும்பமாகப் போனவர்களின் கதையும் வேறு நாவல்கள். இதோடு கலக்க வேண்டாம்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரு கற்பனைப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். தெற்கே மாசான் ஊரில் பிறந்து 1921இல் ஹொனலூலு வருகிறாள். கணவன் வடக்கே பியோங்கான் மாகாணத்தவன், 1879இல் பிறந்து 1904இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவன். மணப்பெண்களில் நிறையப் பேர் தென்கிழக்கின் கியோங்சாங் பகுதியிலிருந்து வந்தவர்கள், ஆகவே இந்த வடக்கு-தெற்கு ஜோடி இயல்பானது. நாடு இரண்டாகப் பிரிந்த 1945க்கு முந்தைய பக்கங்களில் 'தென் கொரியா', 'வட கொரியா' என்ற சொற்கள் ஒருமுறைகூட வரக் கூடாது. இது அடிக்கடி நடக்கும் பிழை.

வயதுக் கணக்கு

ஒரு நோட்டில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: ஆங்கில ஆண்டு, கொரிய ஆண்டுப் பெயர், கொரிய வயது, காகித வயது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் நாவலின் கடைசிக் கட்டம் இந்த நோட்டிலிருந்து வரக்கூடும்.

கொரியக் கணக்கில் குழந்தை பிறக்கும்போதே வயது ஒன்று. அடுத்த புத்தாண்டில் எல்லோருக்கும் ஒரு வயது கூடும், பிறந்த நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் பெண் சந்திர நாட்காட்டியில் பன்னிரண்டாம் மாதம், அதாவது 1903 ஜனவரி நடுவில் பிறந்தாள் என்று வையுங்கள். அந்த ஜனவரி 29இல் சந்திரப் புத்தாண்டு. பிறந்து இரண்டு வாரத்தில் அவளுக்கு வயது இரண்டு. ஆக, 1921இல் கப்பலேறும்போது ஊர்க் கணக்கில் இருபது, அமெரிக்கக் கணக்கில் பதினெட்டு. துறைமுகத்தில் எந்த எண் எழுதப்பட்டது என்பதை நீங்கள் தீர்மானித்து, நோட்டில் குறித்து, அதன்பின் மாற்றாமல் இருங்கள். இங்கே 'இருபது' என்று எழுதிக்கொண்டார்கள் என்று வைப்போம்.

ஆண்டுகளை அவள் எண்ணால் சொல்லமாட்டாள். 1919 அவளுக்குக் 'கிமி' ஆண்டு, 1910 'கியோங்சுல்' ஆண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சி தமிழ் வாசகருக்குப் பழகியது, அதனால் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டாம். கொரியாவிலும் சுழற்சி முழுதாகச் சுற்றிவரும் பிறந்த நாளைப் பெரிதாகக் கொண்டாடுவார்கள், பெயர் 'ஹ்வான்காப்'. கணவனுக்கு அது 1939இல் வருகிறது. சொந்த பந்தமே இல்லாத தீவில் அந்த விருந்தை யார் ஏற்று நடத்துவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், யாரெல்லாம் அவர்களுக்கு உறவாகிவிட்டார்கள் என்பது அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும்.

பெயர்கள்

அந்தக் காலக் கொரிய கிராமத்தில் பல பெண்களுக்கு முறையான பெயரே இருக்காது. 'கன்னானி' என்று கூப்பிடுவார்கள், பிறந்த சிசு என்று அர்த்தம், அதுவே நிலைத்துவிடும். 1909இல் வந்த குடிப்பதிவுச் சட்டத்தால் பலருக்குக் காகிதத்தில் ஒரு பெயர் அமைந்தது. கல்யாணத்துக்குப் பின்னும் கொரியப் பெண் அப்பாவின் குடும்பப் பெயரை விடமாட்டாள். கிம் வீட்டுப் பெண் கடைசிவரை கிம்தான்.

இப்போது கப்பலேற்றுங்கள். கிம் என்ற சீன எழுத்தை ஜப்பானியர் 'கின்' என்று வாசிப்பார்கள், கணவனின் 'யி' அவர்கள் வாயில் 'ரி' ஆகும். ஹவாயில் அந்த 'யி' ஆங்கிலத்தில் 'லீ' ஆக, அமெரிக்க வழக்கப்படி அவள் மிசஸ் லீ. தோட்டத்தில் வேலைக்குப் போனால் 'பாங்கோ' என்ற உலோக வில்லை, அதில் ஒரு எண். சம்பளமும் தோட்டக் கடைக் கடனும் அந்த எண்ணின் பேரில்தான். தேவாலயத்தில் ஞானஸ்நானம் எடுத்தால் மரியா. மற்றக் கொரியப் பெண்களுக்கு அவள் 'மாசான்-தேக்', நம் வழக்கில் சொன்னால் மாசான்காரி. பிள்ளை பிறந்ததும் இன்னாரின் அம்மா.

இத்தனையையும் ஒரே பத்தியில் கொட்டிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. செய்ய வேண்டியது வேறு: ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயரைக் கட்டிப்போடுங்கள். சலவைக் கடைக் கல்லாவில் மிசஸ் லீ, தேவாலய வாசலில் மரியா, கிணற்றடிப் பேச்சில் மாசான்காரி. கதைசொல்லி அவளை எந்தப் பெயரில் அழைப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து, நாவல் முழுவதிலும் இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே மாற்றுங்கள். யாராவது இடம் மாற்றிக் கூப்பிட்டால், உதாரணமாகக் கடைக்கு வந்த புதுப்பெண் ஒருத்தி "கன்னானி" என்று ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டால், அந்த ஒரு சொல் ஒரு பக்க மனவோட்டத்தைவிடக் கூர்மையாக இறங்கும்.

பயணம்

பூசானிலிருந்து நேராக ஹொனலூலுவுக்குக் கப்பல் விட்டுவிடாதீர்கள். பூசானிலிருந்து ஜப்பானின் ஷிமோனோசெகிக்கு ஓர் இரவுப் படகு, அங்கிருந்து ரயிலில் கோபே அல்லது யோகோஹாமா, பிறகு பத்துப் பதினொரு நாள் பெருங்கடல். புயலை எழுதுவதைவிட ஜப்பானியத் துறைமுகத்தில் காத்திருந்த நாட்களை எழுதுங்கள். கண்ணிமையைப் புரட்டி டிரக்கோமா என்ற கண்நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மலத்தைச் சோதித்து வயிற்றுப் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறாதவள் குணமாகும்வரை சத்திரத்தில் கிடக்க வேண்டும், கைக்காசு கரையும். அந்தச் சத்திரத்தில் ஒரே போர்வைக்குள் படுத்த பெண்கள்தான் பின்னால் ஒருவருக்கொருவர் அக்காவும் தங்கையுமாகிறார்கள்.

துறைமுகத்தில் புகைப்படத்தோடு ஆளை ஒப்பிட்டு அவள் திடுக்கிடும் காட்சியை எல்லோரும் எழுதியாகிவிட்டது. அரைப் பக்கம் போதும். கணவன் பதினைந்து வருடத்துக்கு முந்தைய படத்தை அனுப்பியிருப்பான், அப்படிச் செய்தவர்கள் உண்டு. அவனை வில்லனாக்காமல் அவன் கணக்கைக் காட்டுங்கள். 1904 வாக்கில் தோட்டக்கூலி மாதம் சுமார் 16 டாலர், அதற்கு நாளுக்குப் பத்து மணி நேரமாக 26 நாள் வேலை. அதில் சாப்பாடு, துணி போக மிச்சம் பிடித்து அவளை வரவழைத்திருக்கிறான். ஏமாற்றியவனும் அவன்தான், அவளுக்காக ஆண்டுக்கணக்கில் மிச்சம் பிடித்தவனும் அவன்தான். வாசகர் இரண்டையும் ஒருசேரப் பார்க்கும்படி எழுதுங்கள்.

கைவேலை

ஊரை அவள் மனம் மறந்தாலும் கை மறக்காது. அதனால் ஏக்கத்தை எழுத நினைக்கும் இடத்தில் ஒரு வேலையை எழுதுங்கள். கொரியர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகத் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். ஓவாஹு தீவின் நடுவில் ஸ்கோஃபீல்டு ராணுவ முகாம், அதை ஒட்டி வஹியாவா ஊர். அங்கே சிப்பாய்களுக்குத் துணி வெளுப்பதும் தைப்பதும் பல கொரியக் குடும்பங்களின் பிழைப்பானது. நம் பெண்ணையும் அங்கே கொண்டுபோவோம்.

ஊரில் துணியைச் சீர்செய்யும் முறை 'தாதுமி'. கஞ்சி போட்ட துணியை அரை ஈரத்தில் மடித்து, வழவழப்பான கல்லின் மேல் வைத்து, இரண்டு மரக்கட்டைகளால் மாற்றி மாற்றி அடிப்பார்கள். இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் நான்கு கட்டைகள் ஒரே தாளத்தில் விழும். துணி இஸ்திரி போட்டதுபோல் மினுங்கும். மேலாடையான 'ஜொகோரி'யின் கழுத்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை அழுக்கானால் பிரித்தெடுத்து வேறு தைப்பார்கள். ஆக, துணியும் கஞ்சியும் நெருப்பும் அவளுக்குப் புதிதில்லை. புதிது என்னவென்றால் காக்கிக் கால்சட்டையின் மடிப்புக் கோடு. கனமான இஸ்திரிப் பெட்டிகள் இரண்டு மூன்றை அடுப்பில் மாற்றி மாற்றிச் சூடாக்க வேண்டும். கஞ்சி கெட்டியாகப் போனால் பெட்டியின் அடியில் ஒட்டிப் பழுப்புக் கறை விழும். சூடு மிஞ்சினால் துணி மஞ்சளிக்கும். இரண்டு கால்களின் கோடும் ஒரே நேராக விழாவிட்டால் சிப்பாய் திருப்பிக் கொடுத்துவிடுவான். தாதுமியில் ஜோடி வேண்டும், இஸ்திரி மேசையில் ஒருத்திதான் நிற்கிறாள். சத்தமும் போய்விட்டது. இந்த இரண்டு வேலைகளையும் முப்பது பக்க இடைவெளியில் வைத்து, ஒப்பீட்டை வாய்விட்டுச் சொல்லாமல் விடுங்கள்.

கிம்ச்சியையும் இப்படித்தான் கையாள வேண்டும். ஊரில் பின் இலையுதிர்காலத்தில் குளிர்காலம் முழுமைக்கும் சேர்த்து ஜாடி ஜாடியாகப் போடுவது வழக்கம், அதற்குக் 'கிம்ஜாங்' என்று பெயர். மண்ணில் புதைத்த ஜாடியில் குளிர் அதை மெதுவாகப் பக்குவப்படுத்தும். ஹவாயில் குளிர் கிடையாது. ஊரில் வாரக்கணக்கில் ஆகிற புளிப்பு இங்கே சில நாளில் ஏறிவிடும். சின்னச் சின்னதாக, அடிக்கடி போட வேண்டியிருக்கும். ஆண்டுக்கொருமுறை ஊரே கூடிச் செய்த வேலை வாரத்து வேலையாகச் சுருங்குவதைக் காட்டுங்கள். மேசையில் கிம்ச்சி இருந்தது என்று மட்டும் எழுதினால் அது அலங்காரம்.

யாரோடு சேர்வது

சேர்ந்திருத்தல் என்றால் இங்கே நான்கைந்து வாசல்கள், எல்லாவற்றுக்கும் கட்டணம் உண்டு. 1909இல் அமைந்த கொரிய தேசிய சங்கம், மெதடிஸ்ட் தேவாலயம், 1913இல் ஹவாய் வந்த கொரிய விடுதலைத் தலைவர் சிங்மன் ரீயின் அணி, 1914இல் தோட்டத் தொழிலாளர்களை வைத்துப் படைப்பயிற்சி நடத்திய இன்னொரு விடுதலைத் தலைவர் பாக் யோங்-மன்னின் அணி. 1918இல் ரீயின் ஆட்கள் தனித் தேவாலயமே தொடங்கிவிட்டார்கள். 1921இல் வந்திறங்கும் பெண்ணுக்கு எந்தத் தேவாலயம் என்பது கணவன் எந்த அணி என்பதிலேயே முடிவாகிவிடும். சத்திரத்துத் தோழி எதிரணிக்காரனை மணந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேறு வேறு தெருவில் நடக்க வேண்டும். வெள்ளைக்காரர் ஒதுக்கியதைப் பற்றியே எழுதி, தங்களுக்குள்ளே இருந்த இந்தப் பிளவை விட்டுவிடும் நாவல்கள் தட்டையாகிவிடுகின்றன.

பெண்களுக்கென்று தனி இடமும் இருந்தது. 1919 மார்ச் முதல் தேதி கொரியாவில் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த எழுச்சியின் செய்தி வந்த சூட்டிலேயே ஹவாயில் கொரியப் பெண்கள் நிவாரணச் சங்கம் தொடங்கினார்கள். அதே ஆண்டு கலிபோர்னியாவின் டைனூபாவில் உருவான பெண்கள் சங்கம், இறைச்சி இல்லாத நாள், சோயா சாஸ் இல்லாத நாள் என்று வகுத்துக் காசு சேர்த்தது. சோயா சாஸை விடுவது ஜப்பானியச் சரக்கை விடுவதும்கூட. நாட்டுப்பற்று இந்தப் பெண்களிடம் குழம்பின் ருசியாக இருந்தது. கொடியேற்றத்தை எழுதும் முன் இந்தச் சமையலறையை எழுதுங்கள்.

சங்கடமான பக்கத்தையும் மறைக்க வேண்டாம். 1920இல் ஓவாஹு தோட்டங்களில் ஜப்பானியரும் பிலிப்பினோக்களும் பெரிய வேலைநிறுத்தம் செய்தபோது, அதை முறிக்கக் கொரியர்கள் சிலர் வேலைக்குப் போனார்கள். ஜப்பானை எதிர்ப்பதாகவே அதை நினைத்தார்கள். தெருவில் இருந்த ஜப்பானியப் பெண்ணோ இவர்களைப் போலவே பாங்கோ வில்லை மாட்டிய தொழிலாளி. நம் கணவன் அன்று எந்தப் பக்கம் நின்றான் என்பதை மனைவி ஓராண்டு கழித்துப் பக்கத்து வீட்டுக்காரியின் மௌனத்திலிருந்து தெரிந்துகொள்ளட்டும்.

பிறகு 1940. கொரியாவில் ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ளும்படி குடும்பங்களை நெருக்கினார்கள். தம்பியின் கடிதம் வருகிறது, உறையில் அனுப்புநர் பெயர் அவளுக்குத் தெரியாத ஒன்று. மேலிருந்து கீழாக ஓடும் கையெழுத்து மட்டும் தம்பியுடையது. 1941 டிசம்பரில் பெர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும், ஜப்பானை முப்பது ஆண்டு எதிர்த்தவர்களையே ஹவாயில் எதிரிநாட்டவர் என்று வகைப்படுத்தினார்கள். பாதுகாப்புப் பணியிடங்களில் ஜப்பானியருக்கான கறுப்பு அடையாள வில்லையே கொரியருக்கும் கொடுக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பிறகு 'நான் கொரியன்' என்று அதில் பொறித்துக்கொண்டார்கள். நாவலின் மூன்றாம் பகுதிக்கு இந்த இரண்டு பொருட்கள் போதும், ஓர் உறை, ஒரு வில்லை.

தமிழில் எழுதும்போது

கொரிய மொழியின் மரியாதைப் படிகளைத் தமிழில் கொண்டுவருவது ஆங்கிலத்தைவிட எளிது. நீ, நீங்கள், வாங்க, போடா எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. கணவன் அவளை 'நீ' என்கிறான், அவள் 'நீங்க' என்கிறாள். அவள் என்றைக்கு 'நீ' என்று மாறுகிறாள் என்பதை ஒரு நிகழ்வாகவே வைத்துக்கொள்ளலாம். 'ஒன்னி' பெண் தன் அக்காவை அழைப்பது, 'நூனா' ஆண் அழைப்பது. உரையாடலில் இவற்றைத் தூவாமல் 'அக்கா' என்றே எழுதுங்கள். கொரியச் சொல்லுக்கு இடம், தமிழில் ஈடு இல்லாத பொருளுக்கு மட்டும்.

தென்கிழக்குக்காரிக்குத் தமிழ் வட்டார வழக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்கும் ஆசை வரும். கொடுத்தால் வாசகர் அவளை உடனே அந்த மாவட்டத்தில் குடியேற்றிவிடுவார், கொரியா மறைந்துவிடும். வேற்றுமையை ஒன்றிரண்டு சொற்களில் காட்டினால் போதும். கணவன் ஊரில் அம்மாவை 'ஓமானி' என்பார்கள், அவள் ஊரில் 'ஒமுயி'. பிள்ளை முதலில் எதைச் சொல்கிறது என்று இருவரும் காது கொடுத்துக் காத்திருக்கும் ஓர் இரவு ஒரு நல்ல அத்தியாயம்.

முடிவு

ஊருக்குத் திரும்புவது அல்லது கடற்கரையில் நிற்பது, இரண்டையும் தவிர்க்கலாம். 1952இன் சட்டம் கொரியருக்குக் குடியுரிமை வாசலைத் திறந்தது. ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. சட்டம் அமலான டிசம்பர் 24 அன்று ஐம்பது வயதைத் தாண்டி, அமெரிக்காவில் இருபது ஆண்டாவது வாழ்ந்தவர்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. இப்போது வயது நோட்டை எடுங்கள். ஊர்க் கணக்கில் அவளுக்கு 51. துறைமுகக் காகிதத்திலும் 51. உண்மையில் ஓடிய ஆண்டுகள் 49, இன்னும் மூன்று வாரத்தில்தான் ஐம்பது தொடங்கும். முப்பது ஆண்டுக்கு முன் யாரோ அவசரத்தில் எழுதிய எண் அவளுக்கு ஆதரவாக நிற்கிறது. பிறந்த தேதிக் கட்டத்தில் அவள் என்ன எழுதுகிறாள்? குடியுரிமையின்போது பெயரை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. கன்னானி, கிம், மரியா, மிசஸ் லீ எல்லாம் வரிசையில் நிற்க, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனாவை நீட்டிக்கொண்டிருக்கிறார். அந்த விண்ணப்பத்தின் கட்டங்களை, அவை எந்த வரிசையில் வருகின்றன, எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது என்பது உட்பட, தேடிப் பார்த்துவிட்டு இந்தக் காட்சியை எழுதத் தொடங்குங்கள்.